எடுக்கிறதுக்குப் பேரு விவசாயமா?



போன பதிவுல உளுந்துல மஞ்சள் தேமல் விழுந்த கதையைச் சொல்லியிருந்தேன். வெள்ளை ஈக்கு என்ன செய்யலாம்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க. அதைத் தனியா எழுதுறேன். இன்னைக்கு மனசுல வேற ஒண்ணு கிடந்து அரிக்குது. அதை இறக்கி வச்சாத்தான் எனக்கு அடுத்த வேலை ஓடும்.

புதுசா வாசிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. வீடு தூத்துக்குடி மில்லர்புரத்துல. காடு ஓட்டப்பிடாரம் பக்கம். முழுக்க மானாவாரி. கரிசல் ஆறு ஏக்கர், செவக்காடு ரெண்டு ஏக்கர். காலையில பைக்குல போய் சாயங்காலம் திரும்புற விவசாயி நான். மார்கழியில மட்டும் ராத்திரியும் அங்கதான். மக்காச்சோளம் கதிர் பிடிச்சா காட்டுப்பன்னி கூட்டமா இறங்கிரும். ஒரு ராத்திரி கண்ணு அசந்தா நாலு மாச உழைப்பு போயிரும்.

அப்படி ஒரு ராத்திரி காவல் முடிச்சு, பனியில நனைஞ்சு, காலையில அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வர்றேன். முன் ரூம்புல லைட்டு எரியுது. அரையாண்டுப் பரீட்சை லீவுக்கு வந்திருக்க எங்க அக்கா மகன், பன்னிரண்டாவது படிக்கிறவன், கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருக்கான். கண்ணு ரெண்டும் கோவைப்பழம் மாதிரி இருக்கு.

"என்ன மருமவனே, இன்னும் தூங்கலியா?"

"இல்ல மாமா. ஃபார்மிங் பண்ணிக்கிட்டு இருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்துட்டு. நானும் ராத்திரி பூரா அதைத்தானே பண்ணிட்டு வர்றேன். "என்ன வெள்ளாமைல?"ன்னு கேட்டேன்.

"முத்து மாமா."

சிரிப்பு நின்னு போச்சு. தூத்துக்குடியில உக்காந்துகிட்டு ஒருத்தன் முத்து வெள்ளாமை பண்றேன்னு சொன்னா யாருக்குத்தான் காது விடைக்காது? பக்கத்துல நாற்காலியைப் போட்டு உக்காந்துட்டேன். முழுசா ஒரு மணி நேரம் பார்த்தேன். அவன்கிட்ட நிறைய கேள்வி கேட்டேன். பாவம், பொறுமையா பதில் சொன்னான்.

விளையாட்டுப் பேரு ஆர்க். 2015-ல வந்து 2017-ல முழுசா வெளியானது. ஒரு தீவுல வெறும் உடம்போட நம்மைத் தள்ளி விட்டுருவாங்க. சுத்தி டைனோசர். கல்லு பொறுக்கி, மரம் வெட்டி, குடிசை போட்டு, மிருகங்களைப் பழக்கிப் பிழைச்சுக் காட்டணும். கொஞ்சம் வளர்ந்துட்டா மின்சாரச் சாமான் செய்யணும். அதுக்குச் சிலிக்கா முத்துன்னு ஒண்ணு வேணும். மூணு முத்தும் ஒரு உலோகக் கட்டியும் சேர்த்தா ஒரு எலக்ட்ரானிக்ஸ் கிடைக்கும். முத்து கடலுக்கு அடியில சிப்பியில இருக்கும். மூச்சுப் பிடிச்சு இறங்கணும். அங்க பெரிய பெரிய சுறா அலையும். கடிச்சா செத்துப் போவோம்.

"செத்தா?"

"கட்டில் போட்டு வச்சிருந்தா அதுலயே எந்திரிச்சுக்கலாம் மாமா."

சரி. கடலுக்குப் போகப் பயப்படுறவங்களுக்கு வேற ஒரு வழி இருக்காம். பீவர்னு ஒரு பிராணி, ஆத்துல குச்சியை அடுக்கி அணை கட்டும். அந்த அணைக்குள்ள கட்டை, முத்து, அரிய காளான், அரிய பூ எல்லாம் இருக்கும். அந்தப் பிராணியை விரட்டிட்டு அணையைத் திறந்து அள்ளிக்கணும். அப்ப என் மருமகன் ஒரு யுக்தி சொன்னான் பாருங்க, அதைக் கேட்ட நிமிஷத்துலதான் இந்தப் பதிவை எழுதணும்னு முடிவு பண்ணேன்.

"மாமா, அணையில ஒண்ணுகூட மிச்சம் வைக்கக் கூடாது. வேண்டாத கட்டையைக்கூட எடுத்துக் கீழ போட்டுரணும். மிச்சம் வச்சா அந்த அணை அப்படியே நிக்கும். முழுசாத் துடைச்சாத்தான் புது அணை ரெஸ்பான் ஆகும்."

ரெஸ்பான்னா, எடுத்த இடத்துல கொஞ்ச நேரத்துல தானா திரும்ப முளைக்கிறது. மிச்சம் வச்சா வராது, துடைச்சு எடுத்தா வரும். நான் பொறந்ததுல இருந்து படிச்ச பாடத்தைத் தலைகீழாத் திருப்பி வச்சிருக்கான் எவனோ. அதுக்குப் பேரும் வச்சிருக்கான், விவசாயம்னு.

நான் சண்டைக்கு வந்திருக்கது இந்த வார்த்தையோட. விளையாட்டோட இல்ல.

பிள்ளைக விளையாடட்டும். நாங்க கிட்டி, பம்பரம், கோலின்னு பொழுதைப் போக்கலியா? ஆனா, ஓடி ஓடி அள்ளுறதுக்கு ஃபார்மிங்னு பேர் வச்சு, உலகம் பூரா பிள்ளைக வாயில அது புழங்குதே, அதை எப்படிச் சும்மா விட? இந்த ஒரு விளையாட்டுல மட்டும் இல்லியாம். எல்லா விளையாட்டுலயும் அதே வார்த்தைதான். பதினஞ்சு இருபது வருஷத்துக்கு முன்னால சீனாவுல பையனுகளைச் சம்பளத்துக்கு உக்கார வச்சு, ஷிப்ட் போட்டு, விளையாட்டுக்குள்ள தங்கம் எடுக்க வச்சு, அதை அமெரிக்காக்காரனுக்கு நிஜக் காசுக்கு வித்தாங்க. அவங்களுக்கும் தங்க விவசாயிகள்னுதான் பேரு. அந்தத் தங்கம் எவ்வளவு எடுத்தாலும் குறையல. அந்தப் பையனுக தூக்கம்தான் குறைஞ்சது.

இன்னொரு கூத்தையும் கேளுங்க. ஆர்க் விளையாட்டுல நிஜமான விவசாயமும் இருக்கு! பாத்தி கட்டி, விதை போட்டு, தண்ணி பாய்ச்சி, உரம் போட்டு, காய் எடுக்கலாம். சாணியை வச்சே உரம் செய்யலாம். "இதை என்னன்னு சொல்லுவீங்க?"ன்னு கேட்டேன். யோசிச்சுட்டு, "சும்மா செடி வைக்கிறது மாமா"ன்னான். அள்ளுறது ஃபார்மிங், பயிர் வைக்கிறது சும்மா செடி வைக்கிறது. எங்க பொழப்புக்கு இருந்த ஒரு பேரையும் புடுங்கி வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க.

விவசாயம்னா என்னன்னு எங்க அய்யா எனக்கு வகுப்பெடுத்துச் சொல்லல. செஞ்சு காட்டினார். கம்பு அறுக்கும்போது நல்ல கதிரா, காம்பு தடிச்சதாப் பார்த்து முதல்லயே தனியா எடுத்து வைப்பார். அது விதைக்கு. குலுக்கையில வேப்பிலையும் சாம்பலும் கலந்து கிடக்கும். ஐப்பசியில வீட்டுல அரிசி இல்லாம நாங்க கூழுக்கு அலைஞ்சப்பவும் அந்தக் குலுக்கையில யாரும் கை வைக்க முடியாது. கோடையில கீதாரியைக் கூப்பிட்டுக் கிடை போடுவார். காசு குடுத்து ஆட்டுப் புழுக்கையைக் காட்டுல வாங்குவார். ரெண்டு வருஷம் ஒரே வெள்ளாமை வச்ச இடத்தை மூணாவது வருஷம் மாத்துவார். எடுக்கிறது வருஷத்துல பத்து நாள். மிச்ச நாள் எல்லாம் திருப்பிக் குடுக்கிறதும், விட்டு வைக்கிறதும், வானத்தைப் பார்த்துக் காத்துக் கிடக்கிறதும்தான். அந்த மிச்ச நாளை வெட்டி எறிஞ்சுட்டு, பத்து நாளை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டுனா அது விவசாயம் ஆயிருமா?

இது வெறும் வார்த்தைச் சண்டை இல்லன்னு உங்களுக்குப் புரியணும்னா, நம்ம ஊர் முத்துக் கதையைக் கொஞ்சம் பார்க்கணும்.

தூத்துக்குடிக்கு முத்து நகர்னு பேரு. ரயிலுக்கும் அந்தப் பேருதான், முத்துநகர் எக்ஸ்பிரஸ். ஆனா எங்க தெருவுல இருக்க பிள்ளைகள்ல ஒருத்தர்கூட நம்ம கடல் முத்தைக் கண்ணால பார்த்தது இல்ல. அவங்களை விடுங்க, எனக்கே அந்தக் கொடுப்பினை இல்ல. ஏன்னா இங்க கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல.

கொற்கை காலத்துல இருந்து இந்தக் கடல்ல முத்து எடுத்திருக்காங்க. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின கிரேக்கக் குறிப்பான பெரிப்ளூஸ்லயே கொற்கை முத்துக்குளிப்பு இருக்கு. தண்டனைக் கைதிகளை இறக்கி எடுத்தாங்கன்னு அதுல எழுதியிருக்கு. மார்க்கோ போலோ வந்தப்ப, சுறாவை மந்திரத்தால கட்டுறதுக்குன்னே ஆள் கூட்டிட்டுப் போனதையும், அவங்களுக்கு இருபதுல ஒரு பங்கு குடுத்ததையும் எழுதி வச்சிருக்கார். பாண்டியன், போர்ச்சுக்கீசியன், டச்சுக்காரன், வெள்ளைக்காரன்னு யார் வந்தாலும் முதல் கண்ணு முத்து மேலதான்.

முத்துச்சிப்பி கடல்ல எங்கன்னாலும் கிடக்கிறது இல்ல. கரையில இருந்து பத்து பதினஞ்சு கிலோமீட்டர் தள்ளி, கடலடியில பாறைத் திட்டுகள் இருக்கு. அதுக்குப் பேரு பார். தோலாயிரம் பார்னு ஒண்ணு, தூத்துக்குடிக்காரங்களுக்கு அது பெரிய பேரு. ஒவ்வொரு பாருக்கும் ஒரு பேரு இருக்கு, நம்ம காட்டுக்குப் பேர் இருக்க மாதிரி. குஞ்சுச் சிப்பி நீரோட்டத்துல மிதந்து வந்து அந்தப் பாறையில ஒட்டி வளரணும். நாலஞ்சு வயசு ஆனாத்தான் முத்து தேறும். அதுக்கு முன்னால எடுத்தா கடுகு மாதிரி இருக்கும். ரொம்ப நாள் விட்டா சிப்பி தானா செத்து முத்து மண்ணோட போயிரும். அந்தப் பருவத்தைக் கண்டு பிடிக்கிறதுக்குன்னே அரசாங்கத்துல ஆள் வச்சிருந்தாங்க. வருஷா வருஷம் பாரைப் போய்ப் பார்ப்பாங்க. மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பி எடுத்து, உடைச்சு, முத்தை மதிப்புப் போட்டு, தேறும்னாத்தான் முத்துக்குளிப்பு அறிவிப்பாங்க. தேறாதுன்னா கடல்ல யாரும் கை வைக்கக் கூடாது.

இப்படிக் கணக்குப் பார்த்து, காவல் போட்டு, காத்திருந்து எடுத்தும் என்ன ஆச்சு? 1955-ல இருந்து 1961 வரைக்கும் ஏழு வருஷம் தொடர்ந்து நடந்தது. அதோட சரி. அதுக்குப் பின்னால எடுக்கிற அளவுக்குச் சிப்பி பாருக்கு வரவே இல்ல. அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு.

நியாயமாச் சொல்லணும்னா, எடுத்ததுதான் ஒரே காரணம்னு யாரும் சத்தியம் பண்ண முடியாது. நீரோட்டம் மாறினா குஞ்சு பாருக்கு வராது. மணல் வந்து மூடினா பாறையில ஒட்ட இடம் இல்ல. சுரன்னு ஒரு சிப்பி இனம் பாய் விரிச்ச மாதிரி படர்ந்து முத்துச்சிப்பியை மூச்சு முட்ட வச்சிரும். திருக்கை மீன் கூட்டமா வந்து நொறுக்கித் தின்னுட்டுப் போயிரும். வெள்ளைக்காரன் காலத்துலயும் இருபது முப்பது வருஷம் இடைவெளி விழுந்திருக்கு. இதைத்தான் நான் சொல்ல வர்றேன். முறையா எடுத்தவனுக்கே கடல் நேரம் குறிச்சுக் குடுக்கல. விளையாட்டுல ஓடுற கடிகாரம் நிஜத்துல எங்கயும் ஓடல.

அந்தக் கடிகாரத்தை நம்பி ஏமாந்தவங்க கதையும் நம்ம மன்னார் வளைகுடாவுலயே இருக்கு. எதிர்க்கரையில, இலங்கை மன்னார் பக்கத்துப் பார்கள்ல, 1903-ல இருந்து வரிசையா நல்ல விளைச்சல். 1905-ல மட்டும் எட்டுக் கோடிச் சிப்பிக்கு மேல எடுத்தாங்க. அதைப் பார்த்து லண்டன்ல காசு சேர்த்து ஒரு கம்பெனி, 1906-ல இருபது வருஷத்துக்குப் பாரைக் குத்தகைக்கு எடுத்தது. வருஷா வருஷம் இப்படியே அள்ளலாம்னு கணக்கு. 1907 வரைக்கும் கிடைச்சது. அதுக்கப்புறம் சிப்பி இல்ல. குத்தகை முடியுறதுக்கு ரொம்ப முன்னாலயே கம்பெனி படுத்துட்டு. அவங்க ஒண்ணும் பன்னிரண்டாவது படிக்கிற பையனுக இல்ல. கோட்டு போட்ட பெரிய மனுஷங்க. அவங்களும் இந்த விளையாட்டைத்தான் விளையாடினாங்க, கம்ப்யூட்டர் இல்லாம.

"அப்ப முத்து விவசாயம்னே ஒண்ணு கிடையாதா மாமா?"ன்னு மருமகன் கேட்டான். நல்ல கேள்வி. இருக்கு. எங்க காட்டுக்குப் பக்கத்துலயே நடந்திருக்கு.

வேப்பலோடைன்னு ஒரு ஊரு, தூத்துக்குடிக்கு வடக்க, கடலோரம். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க 1972-ல அங்க முத்துச்சிப்பி வளர்க்க ஆரம்பிச்சாங்க. விஞ்ஞானி அழகர்சாமி தலைமையில 1973-ல இந்தியாவுலயே முதல் தடவையா உருண்டையான வளர்ப்பு முத்தை எடுத்துக் காட்டினாங்க. ஜப்பான்ல மிகிமோட்டோ 1893-ல அரை முத்து எடுத்துட்டார். நமக்கு எண்பது வருஷம் கழிச்சு.

அந்த வேலை எப்படின்னு தெரிஞ்சுக்கிட்டா எந்த விவசாயிக்கும் கை தானாக் கும்பிடும். சிப்பியை மெல்ல வாய் திறக்க வச்சு, உள்ள ஒரு சின்ன கீறல் போட்டு, சிப்பி ஓட்டுல செஞ்ச ஒரு குட்டி மணியை வைக்கணும். அதோட இன்னொரு சிப்பியோட உள்தோல்ல இருந்து நறுக்கின ஒரு துணுக்கையும் ஒட்டி வைக்கணும். அந்தத் துணுக்குதான் வளர்ந்து மணியைச் சுத்திப் பையாகி, பளபளப்பை அடுக்கடுக்காப் பூசும். நம்ம மாமரத்துல ஒட்டுக் கட்டுறோமே, அந்த மாதிரி. பிறகு கூண்டுல வச்சுக் கடல்ல தொங்க விட்டு மாசக்கணக்குல காத்திருக்கணும். கூண்டுல பாசி படிஞ்சா துடைக்கணும். நண்டு வந்தா பொறுக்கணும். சில சிப்பி மணியைத் துப்பிரும், சிலது செத்துரும். 1981-ல அதே தூத்துக்குடி நிலையத்துல தொட்டியிலயே சிப்பியை முட்டையிட வச்சுக் குஞ்சு பொரிக்கவும் வச்சாங்க. அந்தக் குஞ்சுகளைக் கொண்டுபோய்ப் பார்ல விட்டும் பார்த்தாங்க. கடல் பழைய மாதிரி ஆகல. ஆனாலும் சொல்றேன், அதுதான் விவசாயம். விளைஞ்சாலும் விவசாயம், பொய்ச்சாலும் விவசாயம். ஏன்னா அவங்க கடலுக்குள்ள விதையைக் கொண்டு போனாங்க.

இப்ப மறுபக்கத்துக்கு வாங்க. மிச்சம் வைக்காமத் துடைச்சு எடுத்த கதை.

தூத்துக்குடி பழைய வீடுகள்ல சுவத்தைச் சுரண்டிப் பாருங்க, முருகைக்கல் இருக்கும். கடல்ல இருந்து வெட்டின பவளப்பாறை. வீடு கட்ட, சுண்ணாம்பு சுட, ஆலைக்குன்னு வள்ளம் வள்ளமா வெட்டினாங்க. பவளப்பாறை கல்லு மாதிரி இருக்கே ஒழிய அது உயிரு. ரொம்ப ரொம்ப மெதுவா வளரும். மன்னார் வளைகுடாவுல 21 தீவுகள்னு பள்ளிக்கூடத்துல படிச்சோம். 1986-ல தேசியப் பூங்காவா அறிவிச்சாங்க. ஆனா அதுல ரெண்டு தீவு இப்ப தண்ணிக்குள்ள. கீழக்கரை பக்கம் பூவரசன்பட்டி, நம்ம தூத்துக்குடி பக்கம் விலாங்குச்சல்லி. அலையைத் தடுத்துக்கிட்டு இருந்த பவளப்பாறையை வெட்டி எடுத்தா மணல் திட்டு எத்தனை நாளைக்குத் தாங்கும்? வான்தீவும் கரைஞ்சுக்கிட்டே வந்தது. கான்கிரீட்டுல செயற்கைப் பாறை செஞ்சு கடல்ல இறக்கித்தான் அதைப் பிடிச்சு வச்சிருக்காங்க. காசு குடுத்துக் கல்லை வெட்டினோம், இப்ப காசு குடுத்துக் கல்லைப் போடுறோம்.

கடல் அட்டையும் அப்படித்தான். சீனாவுக்கு ஏத்துமதின்னு சொல்லி அள்ளினாங்க. 2001-ல கடல் அட்டை அத்தனையையும் வனவிலங்குச் சட்டத்துல புலிக்குச் சமமா முதல் அட்டவணையில வச்சுட்டாங்க. ஒரு நாள்ல தொழில் குத்தமாயிட்டு. அதை மட்டுமே நம்பியிருந்த குடும்பங்கள் நடுத்தெருவுல. விளையாட்டுல தீர்ந்து போனா வேற இடத்துக்குப் போய் அள்ளலாம். இங்க வலையையும் வள்ளத்தையும் தூக்கிட்டு எங்க போறது?

ஆளுக்கும் ரெஸ்பான் கிடையாது. திரேஸ்புரத்துல சங்குக்குப் போறவங்க இப்ப கம்ப்ரசர்ல ஓஸ் மாட்டி வாயில வச்சுக்கிட்டு இறங்குறாங்க. ரொம்ப நேரம் ஆழத்துல இருந்துட்டு வேகமா மேல வந்தா ரத்தத்துல நைட்ரஜன் குமிழ் கட்டிக்கும். மூட்டு வலியில ஆரம்பிச்சு, கை கால் விளங்காமப் போகலாம், உயிரும் போகலாம். அந்தக் காலத்துல முத்துக் குளிக்கிறவன் இடுப்புக் கயிறை மச்சான்தான் பிடிக்கணும்னு பெரியவங்க சொல்லுவாங்க. தங்கச்சி தாலி அவன் கையில இருக்குன்னு கவனமாப் பிடிப்பானாம். அந்தக் கடல்ல செத்தவன் எவனும் கட்டில்ல எந்திரிக்கல.

"இதெல்லாம் சரி அண்ணாச்சி, அது வெறும் விளையாட்டுதானே? பையன் விளையாடினா பார்ல சிப்பி இல்லாமப் போயிருமா?"ன்னு நீங்க கேப்பீங்க. எங்க வீட்டுக்காரியும் அதைத்தான் கேட்டா. அவ இன்னொண்ணும் கேட்டா, அதுக்குத்தான் எனக்குப் பதில் வரல. "நீங்க செவக்காட்டுல பண்ணது என்ன?"ன்னா.

சொல்லிருதேன். இதை இத்தனை வருஷத்துல ஒரு பதிவுலயும் எழுதல.

2013-ல எங்க கடைசித் தங்கச்சிக்குக் கல்யாணம். மழை பொய்ச்ச வருஷம். கையில காசு இல்ல. ஒருத்தர் வந்தார், பிளாட்டு போடுற இடத்தை மேடாக்க மண்ணு வேணும்னார். செவக்காடு ரெண்டு ஏக்கர்ல ஒரு ஏக்கரை மூணு அடி தோண்டிக்கச் சொல்லிட்டேன். லாரி லாரியாப் போச்சு. "மண்ணுதானே, நாலு மழை பெஞ்சா சேர்ந்துரும்"னு நானே என் வாயால சொன்னேன். அப்ப எனக்கு ரெஸ்பான்னு ஒரு வார்த்தை தெரியாது. ஆனா நான் நம்பினது அதைத்தான்.

சேரல. மேல இருந்த மண்ணு போனதும் அடியில சரளும் சுக்கானும் தான். மழை பெஞ்சா குளம் மாதிரி நிக்கும், வெயில் அடிச்சா பாறையா இறுகும். முதல் வருஷம் எள்ளு போட்டேன், ஒரு சாண் வளர்ந்து காய்ஞ்சது. உளுந்து போட்டேன், மஞ்சளா நின்னு போச்சு. பக்கத்து ஏக்கர்ல விளையுறதைப் பார்த்துக்கிட்டே இந்த ஏக்கர்ல நிக்கிறது, பெத்த பிள்ளையில ஒண்ணை வித்துட்டு நிக்கிற மாதிரி. அந்தக் காசு கல்யாண மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஒரே நாள்ல போயிட்டு. தங்கச்சி நல்லா இருக்கா, அது போதும். ஆனா எங்க அய்யா சாகுற வரைக்கும் அந்தப் பக்கம் நடக்கவே இல்ல. ஒரு வார்த்தை திட்டவும் இல்ல.

அதனால பையனுகளைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் இல்ல. அவன் திரையில அள்ளுறான். நான் நிஜத்துல அள்ள விட்டேன். லண்டன் கம்பெனி, முருகைக்கல் வெட்டினவங்க, மண்ணு வித்த நான், எல்லாரும் ஒரே வரியைத்தான் நம்பினோம்: எடுத்தா தானா வரும். அந்த வரியைப் பதினேழு வயசுலயே ராத்திரி பகலாப் பிள்ளை மனசுல உழுது விதைச்சா, நாளைக்கு அவன் கையில காடு வரும்போது, கடல் வரும்போது, கையெழுத்துப் போடுற பதவி வரும்போது என்ன செய்வான்? நான் யோசிச்ச அளவுகூட யோசிக்க மாட்டான். ஏன்னா அவனுக்கு அதுக்குப் பேரே விவசாயம்.

மருமகன் விட்டுக் குடுக்கல. "மாமா, விளையாட்டுலயும் ஒரு விதி இருக்கு. நாம வீடு கட்டின இடத்துக்குப் பக்கத்துல எதுவும் திரும்ப முளைக்காது"ன்னான். கேட்டுட்டு அசந்துட்டேன். கல்லு நட்டு வீடு கட்டின இடத்துல ஒண்ணும் முளைக்காதுன்னு விளையாட்டு செஞ்சவனுக்குத் தெரிஞ்சிருக்கு. பாளை ரோட்டுல ரெண்டு பக்கமும் காட்டைப் பிளாட்டு போடுற நமக்குத்தான் தெரியல.

இன்னொண்ணும் சொன்னான். எவ்வளவு நேரத்துல திரும்ப முளைக்கணும்னு விளையாட்டை நடத்துறவனே கூட்டிக் குறைச்சுக்கலாமாம். அவன் கூட்டாளிக நாலு பேரு சேர்ந்து விளையாடுற தீவுக்கு இவன்தான் பொறுப்பு. "அப்ப கூட்டி வையேன், ரொம்ப மெதுவா முளைக்கிற மாதிரி"ன்னேன். வச்சான். முதல் நாள் யாருக்கும் தெரியல. ரெண்டாம் நாள் கரையோரத்து முத்து தீர்ந்து போச்சு. இருக்கிறதை யார் எடுக்கிறதுன்னு நாலு பேருக்குள்ள சண்டை. ஒருத்தன் போன்லயே கத்துறான், எனக்கு அடுத்த ரூம்புல கேக்குது. மூணாம் நாள் ஒருத்தன் மட்டும் பங்கு பிரிச்சு எடுப்போம்னு சொல்லியிருக்கான். மத்தவனுக கேக்கல. நாலாம் நாள் பழையபடி மாத்திட்டான். "யாருமே விளையாட வர மாட்டேங்கான் மாமா"ன்னான். நான் ஒண்ணும் சொல்லல. எனக்கு அதுல ஆச்சரியமும் இல்ல.

அதனால நான் கேக்கிறது சின்ன விஷயம்தான். விளையாட்டைத் தடை பண்ணுன்னு சொல்லல. வீட்டுல பிள்ளைக ஃபார்மிங்னு சொல்லும்போது, "அதுக்குப் பேரு அள்ளுறது, விவசாயம் வேற"ன்னு ஒரு தடவை சொல்லுங்க. சொன்னாப் போதாது, லீவுல ஒரு நாள் காட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. விதைக்குன்னு எடுத்து வச்ச கதிரைக் காட்டுங்க. காடு இல்லாதவங்க கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போய் விலாங்குச்சல்லி இருந்த திசையைக் காட்டுங்க. அளவுக்குக் குறைஞ்ச சங்கைத் திரும்பக் கடல்லயே போடணும்னு நம்ம ஊர்ல விதி உண்டுங்கிறதைச் சொல்லுங்க. அந்தச் சின்னச் சங்கைத் திரும்பப் போடுற கைதான் விவசாயி கை.

நான் என் பங்குக்கு, அந்தத் தோண்டின ஏக்கர்ல அஞ்சு வருஷமா ஒண்ணும் எடுக்கல. கண்மாய்க் கரம்பை அடிச்சேன். வருஷா வருஷம் கிடை போடுறேன். கொழுஞ்சி விதைச்சு மடக்கி உழுறேன். காசு போய்க்கிட்டேதான் இருக்கு. போன வாரம் மருமகனைக் கூட்டிட்டுப் போனேன். குனிஞ்சு மண்ணைக் கிளறிப் பார்த்தான். ஒரு மண்புழு கிடந்தது.

"இது எத்தனை நாள்ல சரியாகும் மாமா?"

"தெரியாது மருமவனே. நான் இருக்கும்போது ஆகாது"ன்னேன்.

அவன் எதுவும் சொல்லல. வரும்போது பைக்குல பின்னால உக்காந்து தூங்கிட்டான். ராத்திரி பூரா முத்து எடுத்த களைப்பு.

உங்க வீட்டுப் பிள்ளைக என்ன விளையாடுதுங்க, அதுக்கு என்ன பேர் சொல்லுதுங்கன்னு எழுதுங்க. சண்டை போடுறதா இருந்தாலும் வாங்க. அடுத்த பதிவுல வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டும் அட்டை வச்ச அனுபவத்தைச் சொல்றேன்.